கல் மாதிரி டயர்

சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பதினொரு நாள் கிடந்தது. பிரிட்டனில் 1891 முதல் வெளிவரும் ‘சைக்கிளிங் வீக்லி’ வார இதழின் கடிதம் அது. வந்த அன்றே பணம் கட்டிவிடுவதுதான் என் வழக்கம். இந்த முறை தயங்கியதற்குக் காரணம், ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு சேர்ந்து ஓட்டும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் போகிற போக்கில் கேட்ட ஒரு கேள்வி. லண்டனுக்குத் தெற்கே உள்ள பாக்ஸ் ஹில் மேட்டின் உச்சியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, என் சட்டையின் முதுகுப் பையில் சுருட்டி வைத்திருந்த இதழை உருவி எடுத்தார். நாலு பக்கம் புரட்டினார். “அண்ணை, உதை இன்னும் காசு குடுத்தே வாங்கிறியள்? இதிலை உங்களுக்குத் தெரியாதது என்ன கிடக்கு?” என்றார்.

அந்த இடத்தில் நான் சொன்னது மழுப்பலான பதில்தான். பழைய காலத்துப் பந்தய வீரர்கள் மலை உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்போடு செருகிக்கொண்டு குளிர்காற்றைத் தடுத்தபடி இறங்குவார்கள், அதற்காவது பயன்படும் என்று சொல்லிச் சிரித்துவிட்டு மேட்டிலிருந்து இறங்கினேன். ஆனால் கேள்வி கூடவே இறங்கி வந்துவிட்டது.

நான் தெற்கு லண்டனுக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பந்தயம் ஓட்டியவன் அல்லன். ஆண்டுக்கு ஆறாயிரம் ஏழாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிற, அவ்வப்போது 200 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டங்களை அவற்றுக்குரிய பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிற சாதாரணக் கிளப் ஆள். செயின் மாற்றவும், ரிம்மில் பெண்டு எடுக்கவும், எந்த மேட்டில் எந்த கியர் என்று யோசிக்காமல் போடவும் தெரியும். இப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்துத்தான் தம்பியின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பத்திரிகை உதவும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பழகியவருக்கு அதில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்பதே விஷயம்.

பழகியவர்கள் வைக்கும் முதல் குற்றச்சாட்டு, இவை அரைத்த மாவையே அரைக்கின்றன என்பது. அதை மறுக்க என்னால் முடியாது. ஜனவரியில் எடை குறைப்பது எப்படி, மார்ச்சில் மேடு ஏறுவது எப்படி, ஜூனில் நூறு மைல் ஓட்டத்துக்கு எட்டு வாரத்தில் தயாராவது எப்படி, அக்டோபரில் எந்த மழைச்சட்டை வாங்கலாம், டிசம்பரில் மிதிவண்டிக்காரருக்கு என்ன பரிசு தரலாம் என்று பஞ்சாங்கம் போல ஆண்டுதோறும் ஒரே சுழற்சிதான். மூன்று ஆண்டு சேர்ந்தாற்போல் படித்தவருக்கு, நான்காம் ஆண்டின் அட்டையைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

இந்த அறிவுரைகளில் சாரமானவை எவ்வளவு பழையவை என்பதும் ஒரு வேடிக்கை. பிரான்சின் செயின்ட் எட்டியென் நகரத்தில் ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதிய போல் த விவி, 1887இல் தொடங்கி ‘லெ சிக்லிஸ்த்’ என்ற சிறு பத்திரிகையை நடத்தினார். நெடுந்தூரம் ஓட்டுவோருக்கு அவர் சில விதிகளை வகுத்தார். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி. நிற்கும் இடங்கள் குறைவாகவும் நிற்கும் நேரம் சுருக்கமாகவும் இருக்கட்டும். சாப்பாடும் தூக்கமும் வேண்டாம் என்று தோன்றுகிற அளவுக்குக் களைத்துப்போகாதே. முதல் சில மணி நேரம் உடம்பை வருத்தாதே. தன்மானத்துக்காக மட்டும் ஒருபோதும் பெடல் மிதிக்காதே. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன மனிதர் அவர். இதற்கு மேல் ‘நூறு மைல் ஓட்டத்துக்கான பத்து யோசனைகள்’ என்று எட்டுப் பக்கம் அச்சடிப்பவர்கள் கடைசி விதியை மட்டும் எப்போதும் விட்டுவிடுகிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன். அதைச் சேர்த்தால் அடுத்த பக்கத்தில் வரும் புதிய சக்கரத்தின் விளம்பரம் எடுபடாது போலும்.

இரண்டாவது குற்றச்சாட்டு மதிப்புரைகளைப் பற்றியது. சாலை மிதிவண்டி மதிப்புரைக்கென்று ஒரு தனி மொழி உண்டு. எந்த ஃபிரேமை எடுத்தாலும் அது ‘பக்கவாட்டில் விறைப்பாகவும் செங்குத்தில் நெகிழ்வாகவும்’ இருக்கும். மிதித்த மிதி வீணாகாமல் சாலைக்குப் போய்ச் சேரும். போன ஆண்டின் மாதிரியைவிட உயிரோட்டம் கூடியிருக்கும். பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள், ஆனால் ஏழுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கடனாக வந்த வண்டியை ஒரு வாரம் ஓட்டிவிட்டு, அந்த வண்டியின் விளம்பரம் நாலு பக்கம் தள்ளி வெளியாகும் இதழில் எழுதுகிறவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? இதில் பெரிய சூழ்ச்சி எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒரு வார ஓட்டத்தில் உண்மையாகவே உணரக்கூடிய வேறுபாடு மிகக் குறைவு. அந்தக் குறைவை ஆயிரம் சொல்லுக்கு நீட்ட வேண்டியிருக்கிறது.

இதைப் பத்திரிகை ஒன்றே வெளிச்சம் போட்டுக் காட்டியதும் உண்டு. 1990களில் அமெரிக்காவின் ‘பைசைக்கிள் கைடு’ இதழ், இத்தாலியக் கைவினைஞர் அந்தோனியோ மொந்தோனிக்கோவிடம் ஏழு ஃபிரேம்களைச் செய்து வாங்கியது. எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே பூச்சு. உள்ளே இருந்த எஃகுக் குழாய்கள் மட்டும் வேறு: கொலம்பஸ் நிறுவனத்தின் மலிவான வகையிலிருந்து உயர்ந்த வகை வரை ஏழு விதம். எது எந்தக் குழாய் என்று தெரியாமல் ஆலன் கோட்டே என்ற எழுத்தாளர் ஓட்டிப் பார்த்தார். வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்தறிய முடியவில்லை என்று நேர்மையாக எழுதினார். குழாயின் பெயரைச் சொல்லியே பக்கம் பக்கமாக ‘உயிரோட்டம்’ கண்டுபிடித்துவந்த தொழிலுக்கு உள்ளிருந்தே விழுந்த அடி அது. மதிப்புரை மொழி அதற்குப் பிறகும் மாறவில்லை என்பது வேறு. ஆனால் அந்தக் கட்டுரை, பத்திரிகை ஒன்றால் என்ன செய்ய முடியும் என்பதைக் காட்டிவிட்டது. தனியொரு ஓட்டக்காரன் ஏழு ஃபிரேம் செய்து வாங்க முடியாது.

இங்கேதான் தம்பியின் கேள்வி தலைகீழாகத் திரும்புவதாக எனக்குத் தோன்றுகிறது. ‘உங்களுக்குத் தெரியாதது என்ன’ என்பது அவர் கேட்டது. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவற்றில் எது தப்பு என்பதுதான் நான் பத்திரிகையிடம் கேட்க வேண்டியது. இதற்கு என் சொந்தக் கதையே சாட்சி.

தஞ்சாவூரில் நான் சைக்கிள் பழகிய காலத்தில், தெருமுனைக் கடைக்காரர் காற்றடித்து முடித்ததும் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பார். விரல் உள்ளே போனால் இன்னும் நாலு அடி. “கல்லு மாதிரி இருக்கணும், அப்பதான் வண்டி ஓடும்” என்பார். லண்டனுக்கு வந்து முதல் பந்தய வகை மிதிவண்டியை வாங்கியபோது இங்கும் அதே வேதம்தான். 23 மி.மீ. அகல டயர், 120 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று. ஒல்லியாக இருந்தால் வேகம், கெட்டியாக இருந்தால் வேகம். கிளப்பில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள், நானும் பத்து ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன். யாரும் சொல்லித் தர வேண்டியதுகூட இல்லை; உடம்பே சொல்லும். கெட்டி டயரில் ஹேண்டில்பார் வழியாக ஒரு சிறு நடுக்கம் உள்ளங்கையில் ஏறும், வண்டி பறப்பதுபோல் இருக்கும். காற்று குறைந்த டயரிலோ ஒரு மந்தம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அனுபவம் இந்த உணர்வை உறுதிப்படுத்திக்கொண்டே வந்தது.

அந்த உணர்வு பொய். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது கடைகளில் எளிதில் கிடைக்காத ஒரு சிறு பத்திரிகை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் யான் ஹைனே என்பவர் 2002இல் தொடங்கிய காலாண்டிதழ் இப்போது ‘பைசைக்கிள் குவாட்டர்லி’ என்ற பெயரில் வருகிறது. டயர் ஆய்வுகள் அதுவரை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில், சுழலும் இரும்பு உருளையின் மேல் நடந்தன. வழவழப்பான உருளையில் காற்றைக் கூட்டக் கூட்டத் தடை குறையும். எனவே கெட்டி டயரே வேகமானது என்ற முடிவே தவறாமல் வந்துகொண்டிருந்தது. ஹைனேயும் நண்பர்களும் உருளையை விட்டுவிட்டுச் சாலைக்குப் போனார்கள். சரிவு ஒன்றிலிருந்து மிதிக்காமல் உருண்டு இறங்குவதை ஒரே ஆள், ஒரே உடை, ஒரே அமர்வு நிலை என்று வைத்துக்கொண்டு, டயரையும் காற்றையும் மட்டும் மாற்றி மாற்றிச் செய்து நேரத்தைக் குறித்தார்கள். 2006இல் வெளியான அந்த முடிவுகள் நாங்கள் நம்பிவந்ததைக் கவிழ்த்தன. ஓர் அளவுக்கு மேல் காற்று அடிப்பதால் வேகம் கூடவில்லை. அகலமான டயர் மெதுவாக ஓடவில்லை. டயரின் உறைத்துணி எவ்வளவு இளக்கமானது என்பதுதான் காற்றழுத்தத்தைவிடப் பெரிய வேறுபாட்டைத் தந்தது.

காரணத்தைச் சொன்னால் எளிமையாகத்தான் இருக்கிறது. உண்மையான சாலை கரடுமுரடானது. டயர் வளைந்து கொடுத்து அந்தக் கரடுமுரடை விழுங்காவிட்டால், வண்டியும் ஆளும் சேர்ந்து அதிர வேண்டும். அப்படி அதிரும்போது உடம்பின் தசைகளுக்குள் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. இரும்பு உருளையின் மேல் ஆளும் இல்லை, மேடுபள்ளமும் இல்லை, ஆகவே அந்த இழப்பு கணக்கிலேயே வருவதில்லை. தூங்கிவிடும் ஓட்டுநர்களை எழுப்புவதற்காக அமெரிக்க நெடுஞ்சாலை ஓரத்தில் வெட்டி வைத்திருக்கும் வரிப்பள்ளங்களின் மேலும், பக்கத்திலேயே உள்ள வழவழப்பான பரப்பின் மேலும் ஒரே வேகத்தில் ஓட்டி, எவ்வளவு கூடுதல் சக்தி தேவைப்படுகிறது என்று அவர்கள் பின்னர் அளந்தும் காட்டினார்கள்.

உடம்பு ஏன் பொய் சொன்னது என்பதற்கான விளக்கம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. வேகம் கூடும்போது சாலையின் அதிர்வும் விரைவாகிறது. இதை உடம்பு ஆண்டுக்கணக்கில் பழகி வைத்திருக்கிறது. கெட்டி டயர், வேகம் கூடாமலே விரைவான அதிர்வை மட்டும் தருகிறது. உடம்பு அதை வேகம் என்று வாசித்துவிடுகிறது. பழக்கம் கூடக் கூட இந்த வாசிப்பு உறுதியாகும். ஆக, முதல் முறை மிதிவண்டி ஏறுகிறவரைவிட என்னைப் போன்றவர்தான் இதில் எளிதாக ஏமாறுகிறார்.

நான் உடனே நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்கான அனுபவம் என்னிடம் ஏராளமாக இருந்தது. கடைசியில் காற்றில்லாத ஓர் அக்டோபர் காலையில், லீத் ஹில் பக்கம், தார் தெளித்துச் சரளை பரப்பிய ஒரு சிறு சாலைச் சரிவுக்கு இரண்டு ஜோடிச் சக்கரங்களோடு போனேன். ஒன்றில் 23 மி.மீ. டயர், 120 பிஎஸ்ஐ. மற்றொன்றில் 28 மி.மீ., 75 பிஎஸ்ஐ. ஒரு வாயில்கதவின் தூணில் கைவைத்து நின்று, கையை எடுத்து, மிதிக்காமல் உருண்டு, கீழே உள்ள பாலத்தைத் தாண்டும்போது வேகமானியைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றிலும் ஆறு முறை. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒருமுறைகூட மணிக்கு ஒரு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. இருந்த சிறு வேறுபாடும் ஆறில் நான்கு முறை அகல டயருக்குச் சாதகமாகவே இருந்தது. அத்தனை முறையும் அகல டயரில் இறங்கும்போது, ‘இது மெதுவாகப் போகிறது’ என்று என் உள்ளங்கைகள் சொல்லிக்கொண்டே இருந்தன. எண்ணைப் பார்த்த பிறகும் சொல்லின. இது ஆராய்ச்சி அன்று; எந்தச் சக்கரம் மாட்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும், ஆறு முறை என்பதும் ஒரு கணக்கில்லை. ஆனாலும் அன்று வீட்டுக்கு வந்ததும் 23 மி.மீ. டயர்களை மடித்துப் பரணில் போட்டேன்.

பின்னால் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். 2000களில் 23 மி.மீ. டயரில் ஓடிய தொழில்முறை வீரர்கள் அடுத்த பத்தாண்டில் 25க்கு வந்தார்கள். இன்று 28, 30 எல்லாம் டூர் த பிரான்சில் சாதாரணம். அட்டை பளபளக்கும் பெரிய பத்திரிகைகள் இந்தச் செய்தியைத் தொழில் நிறுவனங்கள் அகல டயர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் உரக்கச் சொல்லத் தொடங்கின என்பது என் நினைவு. அதற்குள் ஹைனேயின் பழைய இதழ்கள் கிளப்பில் கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோயிருந்தன.

ஹைனே டயர் விற்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் பத்திரிகை பரிந்துரைத்த வகையிலான அகலமான, இளக்கமான டயர்களை அவருடைய சொந்த நிறுவனமே செய்வித்து விற்கிறது; இன்று அது ரெனே எர்ஸ் என்ற பழம்பெரும் பிரெஞ்சுக் கைவினைஞரின் பெயரில் இயங்குகிறது. விளம்பரத்துக்காக வளைந்துகொடுக்கும் பத்திரிகைகளைக் குறைசொல்லிவிட்டு, ஆசிரியரே கடைக்காரராக இருக்கும் பத்திரிகையைப் புகழ்வது முரண் என்று கிளப்பில் ஒருவர் என்னை மடக்கினார். மடக்கட்டும். நானும் அதைப் பல முறை யோசித்திருக்கிறேன். வெலோசியோவும் கடைக்காரர்தான்: இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து மிதிவண்டிகளை இறக்குமதி செய்து விற்றவர், தாமே வண்டி வடிவமைத்தவர். பல கியர்கள் வேண்டும் என்று பத்திரிகையில் வாதாடியவர் பல கியர் வண்டி விற்பதில் ஆதாயம் கண்டவரும்கூட. அதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடவில்லை.

எதிர்ப்பக்கத்தில் நின்றவர் யார் என்று பார்த்தால் இன்னும் சுவையாக இருக்கிறது. ‘லோட்டோ’ நாளிதழின் ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ்ச், இதழின் விற்பனையைக் கூட்ட 1903இல் டூர் த பிரான்சைத் தொடங்கியவர். கியர் மாற்றும் பொறி நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குத்தான் தேவை, இளைஞர்கள் தசை பலத்தால்தான் வெல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. இதை அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லவில்லை. 1893இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி முதல் அதிகாரபூர்வ மணிச் சாதனையைப் படைத்தவர் அவர். அதுவும் கியர் மாற்ற முடியாத வண்டியில். தன் கால்களின் அனுபவத்தைத்தான் சொன்னார். விளைவு, டூரில் ஓடியவர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, இரு பக்கமும் வெவ்வேறு அளவுப் பல்சக்கரம் கொண்ட பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். ஓட்டும்போதே செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தாவவைக்கும் டெரெய்லர் கியருக்கு அங்கே அனுமதி கிடைக்க 1937 ஆயிற்று. நாடெங்கும் விற்ற பத்திரிகையின் அனுபவசாலி ஆசிரியர் தவறு; மாகாணத்துச் சிறு பத்திரிகையின் கடைக்கார ஆசிரியர் சரி. கடை வைத்திருப்பது குற்றமா என்பதைவிட, எப்படி அளந்தார் என்பதை நாமும் செய்து பார்க்கும்படி எழுதியிருக்கிறாரா என்பதைத்தான் நான் பார்க்கிறேன். லீத் ஹில் சரிவில் நான் செய்து பார்க்க முடிந்தது. ‘உயிரோட்டம் கூடியிருக்கிறது’ என்ற வாக்கியத்தை எந்தச் சரிவில் கொண்டுபோய்ச் சோதிப்பது?

அளந்து எழுதுகிறவர்கள் பெரிய பத்திரிகைகளிலும் இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் ‘டூர்’ இதழ் ஃபிரேமின் விறைப்பைக் கருவியில் அளந்து எண்ணாகத் தருகிறது. காற்றுச் சுரங்கத்தில் வண்டியை நிறுத்தி மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் எத்தனை வாட் செலவாகிறது என்று அட்டவணை போடுகிறது. எனக்கு ஜெர்மன் தெரியாது. அட்டவணை படிக்க மொழி வேண்டியதில்லை. அமெரிக்காவின் ‘வெலோநியூஸ்’ பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘ஃப்ரிக்‌ஷன் ஃபேக்ட்ஸ்’ என்ற சிறு ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து செயின் எண்ணெய்களை அளந்து வெளியிட்டது. விலை உயர்ந்த எண்ணெய்கள் பலவற்றை, மெழுகுவர்த்திக்குப் பயன்படும் பாரஃபின் மெழுகு தோற்கடித்தது. செயினுக்கு எண்ணெய் விட்டே வளர்ந்த நான் அதிலும் ஒரு குளிர்காலம் முழுக்க முரண்டு பிடித்துவிட்டு, கடைசியில் சோறாக்கும் பழைய மின்பாத்திரம் ஒன்றில் மெழுகை உருக்கிச் செயினை முக்கியெடுத்தேன். என் மனைவி இன்னும் அந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பேசுகிறார்.

ஆனால் இந்த வேலையில் பெரும்பகுதி இப்போது பத்திரிகைகளை விட்டு வெளியேறிவிட்டது. நெதர்லாந்தில் ஒருவர் தன் பொறியில் டயர்களை ஒவ்வொன்றாக மணிக்கு 28.8 கிலோமீட்டர் வேகத்தில் சுழற்றி இணையத்தில் அட்டவணை போடுகிறார். ஆஸ்திரேலியாவில் இன்னொருவர் செயின் தேய்மானத்தை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பொறியில் ஓட்டி அளக்கிறார். அச்சு இதழ்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன: பிட்ஸ்பர்க்கில் 1989 முதல் வந்த ‘டர்ட் ராக்’ 2020இல் நின்றது, ‘பைக்’ இதழும் அதே ஆண்டில் நின்றது. இணையத்துக்குப் போனால் பிழைத்துவிடலாம் என்பதும் உறுதியில்லை. ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ‘சைக்கிளிங்டிப்ஸ்’ நல்ல எழுத்தாளர்களைச் சேர்த்து வைத்திருந்த தளம்; 2021இல் ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது, அடுத்த ஆண்டிலேயே ஆட்குறைப்பு வந்தது, முதன்மை ஆசிரியரே வெளியேற்றப்பட்டார். அவர்களில் பலர் சேர்ந்து 2023இல் ‘எஸ்கேப் கலெக்டிவ்’ என்று வாசகர் சந்தாவை நம்பியே ஓர் இணைய இதழைத் தொடங்கினார்கள். காகிதமா திரையா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. பணம் வாசகரிடமிருந்து வருகிறதா, பொருள் விற்கிறவரிடமிருந்து வருகிறதா என்பது எழுத்தின் மூன்றாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அனுபவம் ஏமாற்றுவது வேகத்தில் மட்டும் என்றால் விட்டுவிடலாம். சில ஆண்டுகளாக ‘ஹூக்லெஸ்’ என்ற வகை ரிம்கள் பரவியிருக்கின்றன. பழைய ரிம்மின் உள்விளிம்பில் டயரைப் பிடித்து நிறுத்தும் ஒரு கொக்கி போன்ற மடிப்பு இருக்கும். புதியதில் அது இல்லை, விளிம்பு நேராக இருக்கும். இவற்றில் 5 பார், அதாவது ஏறத்தாழ 72 பிஎஸ்ஐக்கு மேல் காற்று அடிக்கக் கூடாது, பொருந்தும் டயர்களை மட்டுமே மாட்ட வேண்டும். இருபது ஆண்டு கட்டைவிரல் பழக்கத்தோடு, பம்பின் முள் நூறைத் தொட்டால்தான் மனம் நிறைகிற ஒருவர் இந்த ரிம்மில் காற்றடித்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி ஜென்ட் விழுந்தபோது டயர் ரிம்மிலிருந்து கழன்று தொங்கிய படம் உலகெங்கும் போயிற்று. காரணம் எது என்று நிறுவனங்களும் வீரர்களும் வாதாடினார்கள். எந்த ரிம்மோடு எந்த டயர், எவ்வளவு அகலம், எவ்வளவு காற்று என்று உட்கார்ந்து விளக்கிய கட்டுரைகள் நாலைந்துதான். அவை தொடக்கக்காரர்களுக்கான கட்டுரைகள் அல்ல. என் கிளப்பில் அவற்றைப் படித்தவர்களும் குறைவு. ‘நமக்குத் தெரியாததா’ என்பதுதான் அங்கே பொதுவான பாவனை.

பழைய இதழ்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளப்பின் மூத்த உறுப்பினர் ஒருவர் வீடு மாறியபோது நான்கு அட்டைப்பெட்டிகளை எனக்குத் தந்தார். ‘சைக்கிளிங் வீக்லி’யை இங்குள்ள கிளப்காரர்கள் செல்லமாகவும் கிண்டலாகவும் ‘காமிக்’ என்பார்கள். அந்தக் காமிக் 1957இல் காற்றடித்த பக்கம் சாய்ந்து ‘சைக்கிளிங் அண்ட் மோபெட்ஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு வாசகர்களை விரட்டியதும், 1978இல் ஆல்ஃப் எங்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் வீரர் 25 மைலை 49 நிமிடம் 24 வினாடியில் ஓட்டியதும் அந்தப் பெட்டிகள் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஆனால் நான் அதிகம் படித்தது கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து முடிவுப் பட்டியல்களையும் வாசகர் கடிதங்களையும்தான். எந்தத் தேடுபொறியிலும் சிக்காத, கவுண்டி (மாவட்டம்) வாரியாக, போன ஞாயிற்றுக்கிழமை யார் எத்தனை நிமிடத்தில் ஓட்டினார்கள் என்ற கணக்கு அது. இன்றைய இதழில் அந்தப் பக்கங்கள் ஒடுங்கிப்போய்விட்டன. கைப்பேசிச் செயலி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. செயலி நாற்பது ஆண்டு கழித்து அட்டைப்பெட்டியில் கிடைக்காது என்று முணுமுணுக்கலாம், அவ்வளவுதான்.

கனத்த தாளில், முழுப்பக்கப் புகைப்படங்களோடு, நூல்போல வரும் இதழ்களும் உண்டு. அவற்றை நான் பார்க்கிறேன், படிப்பதில்லை.

பதினோராம் நாள் கடிதத்தை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டேன். வார இதழை ஆண்டுச் சந்தாவிலிருந்து விடுவித்துவிட்டு, பந்தயக் காலத்தில் மட்டும் ரயில் நிலையத்தில் வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. மிச்சமான பணம் ஹைனேயின் காலாண்டிதழுக்கும் வாசகர் சந்தாவில் நடக்கும் இணைய இதழுக்கும் போகிறது. தம்பியிடம் இதைச் சொன்னபோது, பாதி வெற்றி தனக்கு என்றார். கூடவே டயர் பற்றிய பழைய இதழை இரவல் கேட்டார். அவர் இன்னும் 25 மி.மீ. டயரில் 105 பிஎஸ்ஐ ஓட்டுகிறவர். மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்தபோது ஓரத்தில் பென்சிலால் இரண்டு இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்.

இப்போது 32 மி.மீ. டயர்தான் எல்லாவற்றையும்விட வேகம் என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 28 போதும், அதற்கு மேல் போனால் வண்டி மந்தமாகிவிடும், இத்தனை ஆண்டு ஓட்டியவனுக்குத் தெரியாதா என்று மனம் தானாகவே பதில் சொல்லிற்று. தஞ்சாவூர்க் கடைக்காரரின் கட்டைவிரல் எனக்குள்ளேயேதான் இருக்கிறது போலும். அந்தச் சரிவுக்கு மறுபடியும் இரண்டு ஜோடிச் சக்கரங்களோடு போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பி, அளவுகோலை எடுத்து ஃபிரேமின் இடைவெளியை அளந்தேன். பின்சக்கரத்தில் 30 மி.மீ.க்கு மேல் நுழையாது.